நீட்டினால் சுருக்கலாம்... வெட்டினால்?

கும்பகோணம் பக்கத்துப் பையன் ஒருவன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், சென்னையில் ஹாஸ்டல் வாசம். கம்ப்யூட்டர் சம்பந்தமாக வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் "அவன் லீவுக்கு வரட்டும்" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். பிரிண்டர், செட்டாப் பாக்ஸ், சித்தப்பாவின் செல்போன் எல்லாம் இதில் அடக்கம். 2024 தீபாவளி லீவுக்குப் போனபோது அவனுக்காகக் காத்திருந்தது ஒரு டிவிடி.

அது அத்தையின் கல்யாண வீடியோ. கல்யாணம் நடந்தது 1991-ல். அப்போது எடுத்த வி.எச்.எஸ் கேசட் ஊரில் பீரோவுக்குள்ளேயே இருந்து பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. பழைய கேசட் வைத்திருக்கிற வீடுகளில் இது சகஜம். டேப்பின் மேல் வெள்ளையாகப் படரும், போட்டால் பிளேயரின் ஹெட்டையும் சேர்த்துக் கெடுக்கும். நல்லவேளையாக அத்தை 1994-ல் டொரண்டோ போனபோது ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தார். அங்கே ஒரு கடையில் அதை அந்த நாட்டு முறைக்கு மாற்றி, பிறகு 2006-ல் டிவிடியாகவும் போட்டு வைத்தார். வீடு மாறும்போது அங்கிருந்த கேசட்டும் குப்பைக்குப் போனது. ஆக உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரே ஒரு டிவிடிதான். ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"பொங்கலுக்கு அத்தை வர்றா. அதுக்குள்ள புது டிவியில ஓடுற மாதிரி செஞ்சிடு"... இது சித்தப்பாவின் உத்தரவு. புது டிவியில் டிவிடி பிளேயர் இல்லை, பென் டிரைவ் மட்டும்தான் போடலாம். அவ்வளவுதானே, கன்வெர்ட் செய்தால் முடிந்தது என்று பையன் நினைத்தான்.

அப்பாயி மட்டும் ஒன்று கேட்டார். "அதுல கடைசிப் பந்தி வருதா பாரு ராசா."

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் மனிதக் குரல் கேட்பது அபூர்வம். இதயத்துக்குள் மணமகள், தாமரைக்குள் மணமகன் என்று கிராபிக்ஸ் வித்தை காட்டி, மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். இந்த வீடியோவும் அப்படித்தான். ஆனால் 1 மணி 12 நிமிடத்தில் ஒரு 11 வினாடி மட்டும், ஏதோ பாட்டு தீர்ந்துபோனதாலோ என்னவோ, நிஜச் சத்தம் அப்படியே இருந்தது. கடைசிப் பந்தி. காலையிலிருந்து ஓடியாடிக் களைத்துப்போன அப்பாயியை உட்கார வைத்து, தாத்தா தன் கையால் பாயசம் ஊற்றுகிறார். "நீ உக்காரு. இன்னைக்கு நான் போடுறேன்" என்கிறார்.

தாத்தா இறந்தது 2003-ல். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அவர் அப்பாயிக்குப் பரிமாறியதும் அந்த ஒரு தடவைதானாம்.

முதல் முயற்சி: எல்லோரும் குண்டு

பையன் கையில் எடுத்தது எஃப்எஃப்எம்பெக். இலவசம், எதையும் எதுவாகவும் மாற்றும், ஆனால் கட்டளையை நாமே டைப் செய்ய வேண்டும். எங்கிருந்தோ ஒரு வரியை காப்பி அடித்தான். டிவி 1920-க்கு 1080, அதனால் அளவு 1920x1080. இந்தியாவில் வினாடிக்கு 25 ஃப்ரேம் என்று எங்கோ படித்திருந்தான், அதனால் வேகம் 25. டிவிடியை டிரைவில் போட்டு, அதிலிருந்தே நேராக மாற்ற ஆரம்பித்துவிட்டுத் தூங்கப் போனான்.

காலையில் வீடே கூடிப் பார்த்தது. ஒட்டடைக்குச்சி என்று ஊரே கிண்டல் செய்த தாத்தா, திரையில் பயில்வான் மாதிரி நின்றார். மணப்பெண் முகம் பூசணிக்காய். நாதஸ்வரக்காரர் கன்னத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லோரும் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி மெதுவாக நடந்தார்கள். உச்சக்கட்டமாக, அத்தை அம்மியின் மேல் காலை எடுத்து வைக்கிற புனிதமான நேரத்தில், எங்கிருந்தோ ஒரு ஆண் குரல் "நீ உக்காரு" என்றது.

வீட்டில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்பாயி சிரிக்கவில்லை. "குரல் அவங்களோடதுதான். ஆளு எங்க?" என்றார்.

என்ன நடந்தது என்று பார்ப்போம். இரண்டு தனித்தனித் தப்புகள் இதில் இருக்கின்றன.

முதலில் அளவு. பழைய டிவியின் வடிவம் 4:3, புது டிவியின் வடிவம் 16:9. உயரத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் நிரப்பினால், எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அதிகமாக அகலும். 30 அங்குல இடுப்பு 40 ஆகிவிடும். தாத்தா பயில்வான் ஆனது இப்படித்தான்.

இதற்குள் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அமெரிக்க, கனடா முறை டிவிடியில் படம் 720x480 புள்ளிகளாக இருக்கும். வகுத்துப் பாருங்கள், 1.5 வரும். ஆனால் 4:3 என்றால் 1.33. கணக்கு உதைக்கிறதே? காரணம், டிவிடியின் புள்ளிகள் சதுரம் அல்ல. அந்த முறையில் 4:3 படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் ஒல்லி. "என்னை 4:3 வடிவத்தில் காட்டு" என்று ஒரு குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கும். பிளேயர் அதைப் படித்துச் சரியாகக் காட்டும். கம்ப்யூட்டர் திரையின் புள்ளிகளோ சதுரம். அதனால் மாற்றும்போது 640x480 என்று அகலத்தைக் குறைக்கலாம், அல்லது 720x540 என்று உயரத்தைக் கூட்டலாம். இரண்டுமே 4:3 தான். இரண்டாவதில் ஒரு புள்ளிகூட வீணாகாது. நம்ம ஊர் பால் முறை டிவிடி என்றால் 720x576 இருக்கும், அதை 768x576 ஆக்க வேண்டும். அகலம், உயரம் இரண்டும் இரட்டைப் படை எண்ணாக இருப்பது நல்லது. இப்போது புழங்குகிற வீடியோ முறைகள் நிறத்தை இரண்டிரண்டு புள்ளிகளுக்குச் சேர்த்துத்தான் பதிகின்றன.

அடுத்தது நேரம். இங்கேதான் பெரிய வில்லங்கம்.

25, 29.97... ஏன் இந்த ஓட்டை எண்?

ஊமைப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் ஆளுக்கு ஆள் மாறும், பெரும்பாலும் வினாடிக்கு 24-க்குக் கீழேதான். அதைப் பிற்பாடு 24 வேகத்தில் ஓட்டியதால்தான் பழைய ஊமைப்படங்களில் மனிதர்கள் குடுகுடுவென்று ஓடுகிறார்கள். 1920-களின் கடைசியில் பேசும்படம் வந்தபோது இந்தத் தாராளம் செல்லுபடியாகவில்லை. ஒலியும் அதே பிலிமில் ஓடுவதால் வேகம் மாறினால் குரல் மாறும். அதனால் 24 என்று நிலைத்தது.

டிவி வந்தபோது மின்சாரத்தைப் பார்த்து எண்ணை வைத்தார்கள். அமெரிக்கா, கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் 30 ஃப்ரேம். ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ், அதனால் 25. இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ்தான். தூர்தர்ஷன் 1982-ல் கலருக்கு மாறியபோது பால் முறையை எடுத்துக்கொண்டது. ஆகவே நம் கல்யாண கேசட்டுகள் எல்லாம் 25.

அமெரிக்காவில் 1953-ல் கலர் முறையை முடிவு செய்தபோது ஒரு சிக்கல். நிறத்துக்கான சிக்னலும் ஒலிக்கான சிக்னலும் உரசிக்கொண்டு திரையில் கோலம் போடும் அபாயம் இருந்தது. அதைத் தவிர்க்க வேகத்தை 1001-ல் ஒரு பங்கு குறைத்தார்கள். 30-ஐ 1000-ஆல் பெருக்கி 1001-ஆல் வகுத்தால் 29.97 சொச்சம். எழுபது வருடங்களுக்கு முன் யாரோ செய்த அந்தச் சின்னச் சமரசம், கும்பகோணத்தில் ஒரு பையனைத் தூங்கவிடாமல் செய்தது :-)

அத்தையின் டிவிடி கனடா முறை. அதாவது 29.97. பையன் 25 என்று கொடுத்தான். அதில்கூடத் தப்பில்லை. எங்கே கொடுத்தான் என்பதுதான் தப்பு.

வேகத்தை மாற்றுவதில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, ஃப்ரேம்களைத் தொடாமல் "இனி இதை 25 என்று எண்ணிக்கொள்" என்று சொல்வது. அப்போது எல்லா ஃப்ரேமும் இருக்கும், ஆனால் படம் மெதுவாகும், நீளம் கூடும். இன்னொன்று, நீளத்தைத் தொடாமல் நடுநடுவே சில ஃப்ரேம்களை எடுத்துவிட்டு 25 ஆக்குவது. அப்போது நேரம் மாறாது, சில ஃப்ரேம்கள் போய்விடும். எஃப்எஃப்எம்பெக்கில் இரண்டுக்கும் ஒரே கட்டளைதான். உள்ளே வரும் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதினால் முதல் விதம், பின்னால் எழுதினால் இரண்டாம் விதம். பையன் காப்பி அடித்த வரியில் அது முன்னால் இருந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். 29.97-ஐ 25-ஆல் வகுத்தால் சுமார் 1.2. ஒரு மணி நேரப் படம் 71 நிமிடம் 56 வினாடி ஆகிவிடும். ஒலியோ பழைய வேகத்திலேயே போகும். தாத்தாவின் குரல் 72-வது நிமிடத்தில் வந்துவிட்டது. அவர் முகம் வந்தது 86-வது நிமிடத்தில். குரல் வந்தபோது திரையில் இருந்தது ஒரிஜினலின் 60-வது நிமிடம், அதாவது அம்மி மிதிக்கும் காட்சி. 1 மணி 50 நிமிட ஒலி தீர்ந்த பிறகும் கல்யாணம் இன்னொரு 22 நிமிடம் ஊமைப்படமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஹாஸ்டலில் வேற்றுமொழிப் படம் பார்ப்பவர்களுக்கு இதே நோய் வேறு பெயரில் தெரிந்திருக்கும். சப்டைட்டில் முதல் சீனில் சரியாக இருக்கும், போகப்போக வசனத்தை முந்திவிடும். 25 வேகப் பிரதிக்கும் 23.976 வேகப் பிரதிக்கும் உள்ள வித்தியாசம் அது. 25-க்குத் தயாரித்த சப்டைட்டிலில் ஒரு மணி நேரத்தில் வரும் வசனம், 23.976 பிரதியில் 1 மணி 2 நிமிடம் 34 வினாடியில்தான் பேசப்படும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி இரண்டு வினாடி தள்ளி வந்தால் அது வேறு கேஸ், நகர்த்தினால் போதும். இடைவெளி வளர்ந்துகொண்டே போனால் அது வேகத்தின் தப்பு. எவ்வளவு நகர்த்தினாலும் தீராது. அதனால் எதையும் ஆரம்பத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடங்களில் பாருங்கள்.

இரண்டாம் முயற்சி: கனகச்சிதம்!

அவமானத்தில் பையன் உட்கார்ந்து படித்தான். வேகத்தைத் தொடவில்லை, 29.97 அப்படியே விட்டான். ஃபோனோ டிவியோ, இந்தக் காலத்துக் கருவிகள் எந்த வேகத்தையும் ஓட்டும், 25-க்கு மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

படத்தில் அசைகிற இடங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தன. அதையும் சரி செய்தான். பழைய டிவி ஒரு ஃப்ரேமை இரண்டு பாதியாகக் காட்டும். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த முறை. இரண்டுக்கும் நடுவே கை அசைந்திருந்தால் கையின் ஓரம் சீப்பாகிவிடும். இதைப் பிரித்தெடுப்பதுதான் டீஇன்டர்லேஸ். அளவை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். அளவை மாற்றிய பிறகு செய்தால் கோடுகள் ஏற்கெனவே ஒன்றோடு ஒன்று கலந்து போயிருக்கும்.

எல்லாம் சரி. ஆனால் 4:3 படத்தை அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருமே? 1080 உயரத்துக்கு அகலம் 1440 தான். மிச்சம் 480, பக்கத்துக்கு 240. "பணம் போட்டு அவ்வளவு பெரிய டிவி வாங்கினது கறுப்பு பார்க்கவா? ஃபுல்லா வரணும்" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். நீட்டினால் குண்டாகிறார்கள். அதனால் பையன் ஜூம் செய்தான். அகலம் திரைக்குச் சரியாக நிற்கிற அளவுக்குப் பெரிதாக்கி, மேலும் கீழும் மிஞ்சியதை வெட்டினான்.

பிரமாதமாக வந்தது. முழுத் திரை, ஒல்லித் தாத்தா, சரியான வேகம், அம்மியின் மேல் அமைதி. சித்தப்பா தோளில் தட்டிக் கொடுத்தார். பையன் லேப்டாப்பில் இடம் பற்றாமல் அந்தப் பழைய குண்டு வீடியோவை டெலிட் செய்தான்.

சாயங்காலம் அப்பாயி பார்த்தார். கடைசிப் பந்தி வந்தது. தாத்தா குனிகிறார், வாய் அசைகிறது, குரலும் சரியாக வருகிறது. "நீ உக்காரு..."

"யாரைச் சொல்றாங்க?" என்று அப்பாயி கேட்டார்.

பையனுக்குப் புரியவில்லை.

"நான் அங்கதானே உக்காந்திருந்தேன். நான் எங்கடா?"

640x480 படத்தை 16:9 ஆக வெட்டினால் 640x360 மிஞ்சும். 120 கோடுகள் போகும், மேலே 60, கீழே 60. படத்தில் கால்வாசி. மேலே போனது பந்தல் துணி, யாருக்கும் நஷ்டமில்லை. கீழே போனதில் இலை இருந்தது, பாயசம் இருந்தது, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாயியின் முகம் இருந்தது. திரையின் அடியில் அவருடைய கொண்டைப் பூ மட்டும் கொஞ்சம் தெரிந்தது. தாத்தா வெறும் தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பரவால்ல விடு. அவங்க நல்லா தெரியுறாங்கல்ல" என்று எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பையனுக்குத் தேவலாமாக இருந்திருக்கும்.

டிவிடி படுத்துக்கொண்டது

இதில் என்ன கஷ்டம், திரும்ப எடுத்தால் போச்சு என்று டிவிடியை மறுபடி போட்டான். 1 மணி 5 நிமிடம் வரை வந்தது. அதற்கப்புறம் டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டதே தவிரப் படிக்கவில்லை. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துப் பார்த்தான். நண்பன் வீட்டு டிரைவில் போட்டான், பக்கத்துத் தெரு கடையில் கொடுத்துப் பார்த்தான். எங்கேயும் அதே இடத்தில் நின்றது. வீட்டில் பதிவு செய்கிற டிவிடியில் தகவல் தங்குவது ஒரு சாயப் பூச்சில்தான். வருடங்கள் போனால் அதுவும் மங்கும். பதினெட்டு வருடம் தாங்கியதே பெரிய விஷயம்.

முதல் தடவை போட்டபோதே மொத்தக் கோப்பையும், ஏறக்குறைய 4 ஜிபி, அப்படியே காப்பி எடுத்து வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பையன் அதைச் செய்யவில்லை. இரண்டு தடவையும் டிஸ்க்கிலிருந்தே நேராக மாற்றினான்.

அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு அவனுக்கு அந்தக் குண்டு வீடியோ ஞாபகம் வந்தது. ரீசைக்கிள் பின்னைத் திறந்தான். இருந்தது.

அந்தக் கோப்பு அசிங்கமானதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதில் என்ன தொலைந்திருக்கிறது? அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. எவ்வளவு கூடியது என்று துல்லியமாகத் தெரியும், அதே அளவு குறைத்துவிடலாம். வேகம் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு ஃப்ரேம்கூடப் போகவில்லை, எல்லாம் வரிசையாக இருக்கின்றன, எண்ணை மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். வீடே சிரித்த அந்த இரண்டு தப்புகளும் திருப்பிவிடக் கூடிய தப்புகள். எல்லோரும் பாராட்டிய இரண்டாவது வீடியோவில் நடந்ததுதான் திருப்ப முடியாதது. வெட்டிப்போன 60 கோடுகளை எந்தக் கணக்காலும் வரவழைக்க முடியாது.

வேலையை ஆரம்பித்தான். 1920x1080 என்று இருந்ததை 720x540 ஆக்கினான். தாத்தா இளைத்தார். வேகத்துக்கு வந்தபோது அவசரத்தில் 30 என்று போட்டுவிட்டான். 29.97-க்கும் 30-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஆயிரத்தில் ஒரு பங்குதானே! ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. 72-வது நிமிடத்தில் தாத்தா வாயை அசைத்து முடித்து, நிமிர்ந்து, அடுத்த இலைக்கு நகர்ந்த பிறகு குரல் வந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது மணிக்கு 3.6 வினாடி. 72 நிமிடத்தில் நான்கு வினாடிக்கு மேல் ஆகிவிடும். மொத்தமே 11 வினாடிதானே அந்தக் காட்சி.

பிறகு 30000/1001 என்று பின்னமாகவே கொடுத்தான். ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடங்களிலும் பார்த்தான். உதடும் குரலும் ஒட்டிக்கொண்டன.

ஒன்றே ஒன்றுதான் சரியாகவில்லை. முதல் முயற்சியில் டீஇன்டர்லேஸ் செய்யாமல் பெரிதாக்கியதால் அந்தச் சீப்புப் பற்கள் படத்தோடு கலந்துவிட்டிருந்தன. பாயசக் கரண்டி அசைகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கிழிந்த மாதிரி தெரியும். இது போதாதென்று 1994-ல் கேசட்டை 25-லிருந்து 29.97-க்கு மாற்றியபோது, இல்லாத ஃப்ரேம்களை ஈடுகட்ட அந்தக் கடை மெஷின் இரண்டு படங்களைக் கலந்திருந்தது. வேகமாக வீசும் கையோடு அதன் நிழல் கை ஒன்றும் போகும். இவை இரண்டும் இனி அந்த வீடியோவின் தழும்புகள். போகாது.

வேலையில் இறங்குபவர்களுக்கு

பையன் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொன்னால்...

1. முதலில் டிஸ்க்கையோ கேசட்டையோ அப்படியே ஒரு காப்பி எடுங்கள். எதையும் மாற்றாமல். அதை இரண்டு இடத்தில் வையுங்கள். கன்வெர்ஷன் எல்லாம் அதற்கப்புறம்.

2. எதை மாற்றினால் திருப்பலாம், எதை மாற்றினால் திருப்ப முடியாது என்று பிரித்துப் பாருங்கள். நீட்டல், வேகம் இரண்டையும் பெரும்பாலும் திருப்பலாம். வெட்டுவது, சிறிதாக்குவது, ஃப்ரேம்களைக் கழிப்பது, இவை போனால் போனதுதான்.

3. வடிவ விகிதத்தைக் காப்பாற்றுங்கள். அகலத்தை மட்டும் கொடுத்துவிட்டு உயரத்தை மென்பொருளையே கணக்குப் போடச் சொல்லலாம். சின்னப் படத்தை வலிந்து 1080-க்குப் பெரிதாக்க வேண்டாம். அதை டிவியே செய்துகொள்ளும், கோப்புதான் வீணாகப் பருக்கும்.

4. வேகத்தைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் 29.97-ஐ 30 என்று ரவுண்டு செய்யாதீர்கள்.

5. வேலை முழுசாக முடிந்து, அந்த வீடியோவில் இருப்பவர்கள் யாராவது ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்கிற வரை, அசிங்கமான கோப்பைக்கூட அழிக்காதீர்கள்.

பொங்கல்

2025 பொங்கலுக்கு அத்தை வந்தார். மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டிவியில் போட்டார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை.

"ஏன்டா, அன்னைக்கு ஃபுல்லா வந்துச்சே?" என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

அத்தை தன் கல்யாணத்தைப் பார்த்து அழுதார், சிரித்தார், யார் யார் இப்போது இல்லை என்று எண்ணினார். பந்தி வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். தாத்தா ஒல்லியாக வந்தார், குனிந்தார். திரையின் அடியில், 60 கோடுகளுக்குள், 1991-ம் வருட அப்பாயி இலைக்கு முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். "நீ உக்காரு. இன்னைக்கு நான் போடுறேன்."

11 வினாடி. பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"இன்னொரு தடவ போடு" என்றார் அப்பாயி.

பையன் பின்னால் நகர்த்தினான். சித்தப்பா விடவில்லை. "இருந்தாலும் ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கேம்மா..."

"இருக்கட்டும் விடுடா. அன்னைக்குப் பந்தல்லயும் ஓரத்துல இருட்டாத்தான் இருந்துச்சு" என்றார் அப்பாயி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு கேசட்டோ டிவிடியோ கிடக்கும். அடுத்த லீவுக்குப் போகும்போது எடுத்துப் பாருங்கள். போட்டவுடன் முதலில் செய்ய வேண்டியது காப்பி... மறந்துவிடாதீர்கள்.